நம்ம அணைகளை யார் செக் பண்றாங்க? மாநில அளவுல அணை பாதுகாப்பு பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஐப்பசி கார்த்திகை பொறந்துட்டா போதும், "அந்த அணைல விரிசலாம், இந்த அணை தாங்காதாம்"னு வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சுடும். முக்கால்வாசி வதந்திதான். ஆனா அதுக்கு பின்னாடி இருக்கற கேள்வி நியாயமானது, இதையெல்லாம் யாராவது பாக்கறாங்களா இல்லையா? தமிழ்நாட்டை வச்சே பெரும்பாலும் சொல்றேன், சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒண்ணுதான்.

அணை பாதுகாப்புன்னா போலீஸ் காவல் போடறதா?

இல்ல. துப்பாக்கியோட நிக்கற காவல் வேற கதை. இங்க பேசறது அணை உறுதியா நிக்குமா, ஷட்டர் தூக்கணும்னா தூக்குமா, பெருவெள்ளம் வந்தா அவ்ளோத்தையும் வெளியேத்த வழி இருக்கா, கீழ இருக்கற ஊருக்கு நேரத்துக்கு தகவல் போகுமா, இதான். கடைசி விஷயத்தை நிறைய பேர் அணை பாதுகாப்புல சேர்க்கவே மாட்டாங்க, ஆனா ஆள் சாவறது பெரும்பாலும் அந்த இடத்துலதான்.

இதுக்குன்னு தனி சட்டம் இருக்கா?

இருக்கு. அணை பாதுகாப்புச் சட்டம், 2021. மக்களவைல 2019 ஆகஸ்ட்ல பாஸ் ஆகி, ரெண்டு வருஷத்துக்கு மேல கிடந்து, 2021 டிசம்பர் 2 அன்னிக்கு மாநிலங்களவைல பாஸ் ஆச்சு. 2021 டிசம்பர் 30ல இருந்து அமல்.

அதுக்கு முன்னாடி மத்திய நீர் ஆணையம் போட்ட வழிகாட்டிகள், சுற்றறிக்கைகள் இதை வச்சுத்தான் ஓடுச்சு. பீகார், கேரளா மாதிரி சில மாநிலம் 2006லயே சொந்தமா சட்டம் போட்டுச்சு. குஜராத்துல மோர்பி ஊரை அழிச்ச மச்சு-2 அணை உடைஞ்சது 1979 ஆகஸ்ட் 11. அந்த வருஷத்துல இருந்து கணக்கு போட்டா சட்டம் வர 42 வருஷம் ஆயிருக்கு, பெருமைப்படற வேகம் இல்ல.

எல்லா அணையும் இதுல வருமா? எங்க ஊர் தடுப்பணை?

15 மீட்டருக்கு மேல உயரம் இருந்தா கேள்வியே இல்லாம வரும். 10ல இருந்து 15 மீட்டர்னா கூடவே ஏதாவது ஒரு கண்டிஷன் பொருந்தணும்: நீளம் 500 மீட்டருக்கு குறையாம இருக்கணும், இல்ல கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் இருக்கணும், இல்ல வெள்ள வெளியேற்றம் விநாடிக்கு 2,000 கன மீட்டர் இருக்கணும், இல்ல அஸ்திவாரத்துல பிரச்சினையோ வழக்கத்துல இல்லாத டிசைனோ இருக்கணும். இப்படி வர்றதை 'குறிப்பிட்ட அணை'ன்னு சட்டம் சொல்லுது. நாடு முழுக்க 6,000க்கு மேல இருக்கு, மகாராஷ்டிராலதான் ரொம்ப அதிகம். தமிழ்நாட்டுல நூத்துக்கு மேல.

தடுப்பணை, சின்ன அணைக்கட்டு எல்லாம் உயரத்துலயே அடிபட்டுப் போயிடும். விழுப்புரம் பக்கம் தளவானூர்ல தென்பெண்ணை மேல கட்டின தடுப்பணை கட்டி கொஞ்ச நாள்லயே 2021ல உடைஞ்சுது, திருச்சி முக்கொம்பு மேலணைல 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி 9 மதகு அடிச்சுட்டுப் போச்சு. இந்த மாதிரி கட்டுமானத்துக்கு துறையோட வழக்கமான பராமரிப்புதான், இந்தச் சட்டத்தோட கண்ணு அங்க போகாது.

மாநிலத்துல யாரு பொறுப்பு?

ரெண்டு அமைப்பு. ஒண்ணு மாநில அணை பாதுகாப்புக் குழு. நீர்வளத்துறையோட முதன்மை தலைமைப் பொறியாளர்தான் தலைவர், கூட நிபுணர்கள், மத்திய நீர் ஆணையத்துல இருந்து ஆள், அணை பக்கத்து மாநிலத்தை தொடுதுன்னா அந்த மாநில ஆளும் உண்டு. வருஷத்துக்கு குறைஞ்சது ரெண்டு கூட்டம், அதுல ஒண்ணு மழைக்கு முன்னாடி.

இன்னொண்ணு மாநில அணை பாதுகாப்பு அமைப்பு. வேலை செய்யற கை இதுதான். அணைகளை பாக்கறது, ஆபத்து அளவு வச்சு வகைப்படுத்தறது, ரெக்கார்டு வைக்கறது, "இதை சரி பண்ணு"ன்னு அணை சொந்தக்காரருக்கு உத்தரவு போடறது எல்லாம் இவங்க. 30 அணைக்கு மேல இருக்கற மாநிலத்துல தலைமைப் பொறியாளர் ரேங்க்ல ஒருத்தர் இதுக்கு தலைமை தாங்கணும்.

மேல டெல்லில தேசிய குழு, தேசிய அணை பாதுகாப்பு ஆணையம்னு ரெண்டு இருக்கு. கொள்கை, ஸ்டாண்டர்டு, மாநிலங்களுக்குள்ள தகராறுன்னா அவங்க.

சொந்தக்காரர்னா யாரு? அணை அரசாங்கத்தோடது தானே?

அரசாங்கம்தான், ஆனா எந்த துறைங்கறது முக்கியம். மேட்டூர், வைகை, பவானிசாகர், சாத்தனூர் எல்லாம் நீர்வளத்துறை. 2021 வரைக்கும் அது பொதுப்பணித்துறைக்குள்ள இருந்துச்சு, இன்னும் பல ஊர்ல 'பிடபிள்யூடி அணை'ன்னுதான் பேச்சு. நீலகிரில இருக்கற அப்பர் பவானி, எமரால்டு, முக்குருத்தி மாதிரி மின்சாரத்துக்கு கட்டின அணைங்க மின்வாரியத்தோடது. சட்டப்படி ஒவ்வொரு சொந்தக்காரரும் அணைக்குன்னு ஒரு பாதுகாப்புப் பிரிவு வச்சு, பராமரிப்புக்கு பணம் ஒதுக்கணும்.

அப்போ நீர்வளத்துறை அணையை நீர்வளத்துறை ஆளே செக் பண்றாரா?

இதுதான் மொத்த விஷயத்தோட முடிச்சு. பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தற கதைதான் கிட்டத்தட்ட. குழுவுக்கு தலைவர் முதன்மை தலைமைப் பொறியாளர், அவர் கீழதான் அணையை பராமரிக்கற இன்ஜினியர்களும் இருக்காங்க. பாதுகாப்பு அமைப்போட தலைவரும் அதே துறையோட தொழில்நுட்பத் தலைமைக்குத்தான் ரிப்போர்ட் பண்ணணும். அமைப்புல இருக்கறவர் நாளைக்கே டிரான்ஸ்ஃபர் ஆகி நேத்து வரைக்கும் குறை எழுதின அணைக்கே கண்காணிப்புப் பொறியாளரா போகலாம், அங்க இருந்தவர் இங்க வரலாம். அப்படி இருக்கறப்போ தன் பேட்ச்மேட் பாக்கற அணையைப் பத்தி "ஷட்டர் பராமரிப்பு மோசம்"னு எழுத பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இதுக்கு துறைக்காரங்க சொல்ற பதிலையும் சொல்லிடறேன், அதுல நியாயம் இல்லாம இல்ல. அணையைப் பத்தி தெரிஞ்ச ஆள் அந்தத் துறைக்கு வெளில ரொம்ப கம்மி, கான்கிரீட் மட்டும் தெரிஞ்ச ஆளோ ஐஏஎஸ் அதிகாரியோ வந்து காலரிக்குள்ள (அணைக்கு உள்ள போற பாதை) நின்னு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. சரி. ஆனா திறமை உள்ளயே இருக்குன்னா, அதை சரிபார்க்கற கண்ணாவது வெளில இருந்து வரணும். சட்டம் அதுக்கு ரெண்டு ஜன்னல் வச்சிருக்கு. ஒண்ணு, விரிவான பாதுகாப்பு மதிப்பீட்டை சுதந்திரமான நிபுணர் குழுதான் பண்ணணும். இன்னொண்ணு, மாநில அமைப்பு வருஷா வருஷம் அணைகளோட நிலைமையைப் பத்தி ரிப்போர்ட் எழுதி அது சட்டமன்றத்துல வைக்கப்படணும். இந்த ரெண்டாவது ஜன்னலைப் பத்தி பேசற எம்எல்ஏவோ பத்திரிகையோ எத்தனை பேர்னு பாருங்க, மேட்டூர் நிரம்பினா பூ தூவற போட்டோவுக்கு இருக்கற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

இன்ஸ்பெக்ஷன்னு போறவங்க என்ன பாப்பாங்க?

மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை கட்டாயம். பெரிய வெள்ளம், நிலநடுக்கம் வந்தாலும் பாக்கணும்.

ஷட்டரை சும்மா பாத்துட்டு வர்றதில்ல, தூக்கி இறக்கி பாக்கணும். ரோப்ல கிரீஸ் இருக்கா, கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடுதா, அதுல டீசல் இருக்கா. மண் அணைன்னா கரை மேல நடந்து பள்ளம், எலி வளை, கரையான் புத்து, மரம் முளைச்சிருக்கான்னு பாக்கணும், வேர் போற வழில தண்ணி போகும். அப்புறம் கசிவு நீர்.

கசிவுன்னா உடனே பயப்படறாங்க. கசியாத அணையே கிடையாது, எவ்ளோ கசியுது, அது மாறுதாங்கறதுதான் விஷயம். கல், கான்கிரீட் அணைக்குள்ள காலரின்னு ஒரு குகை மாதிரி பாதை இருக்கும், அங்க சேர்ற தண்ணியை ஓரத்துல இருக்கற 'வி' ஷேப் வெட்டு வச்ச தகடு வழியா விட்டு, தகட்டுக்கு மேல தண்ணி எவ்ளோ உயரம் நிக்குதுன்னு ஸ்கேல்ல பாத்து நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர்னு எழுதுவாங்க. முல்லைப்பெரியாறுக்கு குழு போச்சுன்னா பேப்பர்ல "கசிவு நீர் அளவிடப்பட்டது"ன்னு வருமே, அது இதுதான். நீர்மட்டம் ஏறினா இதுவும் ஏறும், அது நார்மல். மட்டம் ஏறாம இது மட்டும் ஏறினா கவனிக்கணும். மண் அணைல கசிவு தெளிவா வந்தா பரவால்ல, கலங்கலா வந்தா உள்ள இருக்கற மண்ணையும் சேர்த்து கொண்டு வருதுன்னு அர்த்தம், அன்னிக்கு ராத்திரி யாரும் தூங்கக் கூடாது.

கசிவு திடீர்னு குறைஞ்சாலும் அது சட்டப்படி ஒரு 'சம்பவம்'தான், ரிப்போர்ட் பண்ணணும். கேட்டா சந்தோஷமான விஷயமா தோணும், ஆனா சுண்ணாம்பு படிஞ்சு வடிகால் துளை அடைச்சிருந்தா தண்ணி வெளிய வர்றது மட்டும்தான் நிக்கும், அடில இருந்து அணையை மேல தூக்கற அழுத்தம் கூடும். டிசைன் பண்ணின வெள்ளத்துல 70 சதவீதத்தை தாண்டி வெள்ளம் வந்தாலும், ஒண்ணும் ஆகலைன்னாலும், அதுவும் சம்பவக் கணக்குல வரும்.

பாத்து முடிச்சதும் குறைகளை மூணு வகையா பிரிப்பாங்க. உடையற அளவுக்கு ஆபத்துன்னா முதல் வகை, சீக்கிரம் சரி பண்ண வேண்டிய பெரிய குறைன்னா ரெண்டு, சில்லறை ரிப்பேர்னா மூணு. அணைகளோட டேட்டாவை ஏத்தறதுக்கு தர்மான்னு ஒரு ஆன்லைன் சிஸ்டமும் இருக்கு.

அணை உடையறதைவிட ஷட்டர் உடையற நியூஸ்தான் நிறைய வருதே?

ஆமா, சரியா கவனிச்சிருக்கீங்க. சுவர் 100 வருஷம் நிக்கும். ஷட்டர், செயின், ரோப் எல்லாம் இரும்பு, நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு துரு பிடிச்சு போறது.

கிருஷ்ணகிரி அணைல 2017 நவம்பர்ல ஒரு ஷட்டர் உடைஞ்சுது. பரம்பிக்குளத்துல 2022 செப்டம்பர் 21 விடியறதுக்கு முன்னாடி மூணு ஷட்டர்ல ஒண்ணு செயின் அறுந்து பிடுங்கிட்டு போச்சு, விநாடிக்கு 20,000 கன அடி அளவுக்கு சாலக்குடி ஆத்துல பாய்ஞ்சுது, ரிப்பேர் பண்ணணும்னா ஷட்டருக்கு கீழ மட்டம் இறங்கற வரைக்கும் காத்திருக்கணும், அதாவது சேர்த்து வச்ச தண்ணி கண்ணு முன்னாடி போறதை பாத்துட்டு நிக்கணும். துங்கபத்ரால 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி 33 கேட்ல 19ஆவது கேட் செயின் அறுந்து போயிடுச்சு, அணை நிரம்பி இருந்த நேரம். ஓடற தண்ணில ஸ்டாப்லாக்னு சொல்ற தடுப்புத் தகடை ஒண்ணு ஒண்ணா இறக்கி ஒரு வாரத்துல அடைச்சது பெரிய சாதனைதான், ஆனா அந்த தகடையே சம்பவம் நடந்த அப்புறம்தான் அவசர அவசரமா செய்ய வேண்டியிருந்துச்சு. ஆந்திரால அன்னமய்யா அணை 2021 நவம்பர் 19 அன்னிக்கு உடைஞ்சதுல ஒரு கேட் வேலை செய்யாம கிடந்தது பெரிய காரணமா பேசப்பட்டுச்சு.

இதுல எதுலயும் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல பாருங்க. கிரீஸ், பெயிண்ட், செயின் மாத்தறது, கேட்டை ஓட்டி பாக்கறது. காலியா கிடக்கற லஸ்கர் (அணைல மதகை பாத்துக்கற ஊழியர்) போஸ்டிங்கை நிரப்பறது. இதுக்கு திறப்பு விழா நடத்தி கல்வெட்டுல பேர் போட முடியாது, அதான் பட்ஜெட்ல எப்பவும் கடைசில நிக்குது.

தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்ல? நடு ராத்திரி திறந்தா என்ன பண்றது?

சொல்லணும். வைகைல இது ரொம்ப நாளா ஒழுங்கா இருக்கு: மொத்தம் 71 அடி, 66 அடில முதல் எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது, அதுக்கப்புறம் திறப்பு. தேனி, மதுரைல இருக்கறவங்களுக்கு இந்த நம்பர் மனப்பாடம். படிப்படியா ஏறற வெள்ளத்துக்கு இது போதும்.

திடீர்னு வர்ற வெள்ளத்துக்கு போதாது. ஃபெஞ்சல் புயல் சமயம், 2024 டிசம்பர் 2 விடியறதுக்குள்ள சாத்தனூர்ல இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க, தென்பெண்ணை கரைல திருவண்ணாமலைல இருந்து கடலூர் வரைக்கும் பாதிப்பு. எச்சரிக்கை பல தடவை குடுத்தோம்னு அரசு சொல்லுச்சு, எங்களுக்கு வரலைன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. ரெண்டுமே உண்மையா இருக்கலாம், அதான் வேதனை. செயற்பொறியாளர்கிட்ட இருந்து கலெக்டருக்கு லெட்டர் போனா ஃபைல்ல எச்சரிக்கை குடுத்தாச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆத்தோர குடிசைல தூங்கறவரை எழுப்பினாதான் அது எச்சரிக்கை. அணையில இவ்ளோ மட்டம், இந்த மாசத்துல இதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு ரூல் கர்வ் போட்டு முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமா விட்டா இந்த நிலைமை குறையும். ஆனா முன்னாடியே விட்டுட்டு அப்புறம் மழை ஏமாத்திட்டா விவசாயி கேள்வி கேப்பார், அந்த பயமும் இன்ஜினியருக்கு இருக்கு.

அவசரகால திட்டம்னு ஒண்ணு இருக்காமே?

அணை உடைஞ்சா இல்ல பெருசா திறந்தா தண்ணி எத்தனை மணி நேரத்துல எந்த ஊருக்கு எவ்ளோ ஆழத்துல வரும், யாருக்கு யார் போன் பண்ணணும், எங்க கூட்டிட்டு போகணும்னு மேப்போட எழுதி வைக்கறது. அரசு கணக்கை தணிக்கை பண்ற சிஏஜி 2017ல குடுத்த ரிப்போர்ட்படி நாட்டுல 4,862 பெரிய அணைல 349க்குத்தான் இது இருந்துச்சு. புதுச் சட்டம் அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லா குறிப்பிட்ட அணைக்கும் இது வேணும்னு சொல்லுது, முதல் விரிவான மதிப்பீட்டுக்கும் அதே கெடுதான். 2021 டிசம்பர் 30ல இருந்து எண்ணினா 2026 டிசம்பர்ல கெடு முடியுது.

முல்லைப்பெரியாறு யார் கையில? தமிழ்நாடா கேரளாவா?

அணை நம்மளோடது, இடம் கேரளா. ஒரு மாநிலத்தோட அணை இன்னொரு மாநிலத்துல இருந்தா மாநில அமைப்பு செய்ய வேண்டிய வேலையை தேசிய ஆணையமே செய்யும்னு சட்டத்துல இருக்கு. முல்லைப்பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் நாலும் இப்படித்தான். 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மே 7ல, அப்போ போட்ட மேற்பார்வைக் குழுவுக்கு 2022 ஏப்ரல்ல புதுச் சட்டத்தோட அதிகாரத்தையும் குடுத்துச்சு. இப்போ அந்தக் குழுவோட தலைவரே தேசிய ஆணையத்தோட தலைவர்தான். அணை உடையும் உடையாதுங்கற சண்டையை இங்க இழுக்கலை, அதுக்கு வேற இடம் இருக்கு.

தமிழ்நாடு ஏன் இந்தச் சட்டத்தை எதிர்த்துச்சு?

தண்ணி மாநிலப் பட்டியல்ல இருக்கு, அதுல மத்திய அரசு ஏன் கை வைக்குதுங்கறதுதான் அடிப்படை. மேல சொன்ன நாலு அணைல நம்ம பிடி தளர்ந்துடும்ங்கற பயம் இன்னொண்ணு. 2018லயே சட்டமன்றத்துல தீர்மானம் போட்டாங்க, சட்டம் வந்தப்புறம் திமுக எம்பி ராமலிங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கு போட்டார். ஆட்சி மாறினாலும் இந்த ஒரு விஷயத்துல ரெண்டு கழகமும் ஒரே பக்கம்.

தப்பு நடந்தா யாருக்காவது தண்டனை உண்டா?

பேப்பர்ல உண்டு. அதிகாரிகளை வேலை செய்ய விடாம தடுத்தாலோ உத்தரவை மதிக்கலைன்னாலோ ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். அதனால உயிர் போனாலோ உயிருக்கு ஆபத்து வந்தாலோ ரெண்டு வருஷம் வரைக்கும். துறை பண்ணின தப்புன்னா துறைத் தலைவரே குற்றவாளியா கருதப்படுவார், தனக்கு தெரியாம நடந்துச்சுன்னு அவர் நிரூபிக்கணும்.

ஆனா நீங்களும் நானும் நேரா கோர்ட்டுக்கு போய் இந்தச் சட்டத்துல கேஸ் போட முடியாது. மத்திய, மாநில அரசோ இந்தக் குழுக்களோ ஆணையமோ புகார் குடுத்தாதான் கோர்ட் எடுக்கும். அரசு துறை மேல அரசே புகார் குடுக்கணும். எவ்ளோ நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ரிப்பேருக்கு பணம் எங்க இருந்து வருது?

மாநில பட்ஜெட் போக, உலக வங்கி கடன்ல டிரிப்னு ஒரு அணை புனரமைப்பு திட்டம். 2012ல இருந்து 2021 வரைக்கும் முதல் கட்டத்துல 7 மாநிலத்துல 223 அணை, தமிழ்நாடும் அதுல உண்டு. அடுத்த ரெண்டு கட்டமும் சேர்த்து 19 மாநிலம், 736 அணை, 10,211 கோடி ரூபாய். நல்ல திட்டம்தான். கடன் திட்டம் வந்தாதான் ஷட்டருக்கு பெயிண்ட்ங்கற பழக்கம் மட்டும் உறுத்துது.

பழைய அணைன்னாலே ஆபத்தா?

வயசு மட்டும் வச்சு சொல்ல முடியாது. 1934ல கட்டின மேட்டூர் ஜம்முனு நிக்குது, தளவானூர் கட்டி கொஞ்ச நாள்ல போச்சு. பழைய அணைல நெஜமான கவலை வேற: அந்தக் காலத்துல கைல இருந்த கொஞ்ச மழைக் கணக்கை வச்சு இவ்ளோதான் வெள்ளம் வரும்னு டிசைன் பண்ணிருப்பாங்க. இப்போ இருக்கற கணக்குல மறுபடி போட்டு பாத்தா பல அணைக்கு வரக்கூடிய வெள்ளம் கூடுது, ஆனா மதகு அதே மதகு. அதுக்கு கூடுதல் வெள்ளப் போக்கி கட்டணும், இல்ல கரையை உயர்த்தணும், இல்ல மட்டத்தை குறைச்சு வைக்கணும்.

எங்க அணையோட ரிப்போர்ட்டை நான் பாக்கலாமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். சும்மா "அணை பாதுகாப்பா இருக்கா"ன்னு கேட்டா "ஆம்"னு ஒரு வரில பதில் வரும். கடைசியா நடந்த மழைக்கு முந்தைய ஆய்வு அறிக்கையோட நகல், அதுல முதல் ரெண்டு வகைல வந்த குறைகள், ஒவ்வொண்ணுக்கும் என்ன நடவடிக்கை, எந்தத் தேதில, இப்படி பிரிச்சு கேளுங்க. அவசரகால திட்டத்தோட வெள்ள மேப்பை பாதுகாப்புன்னு சொல்லி மறுக்கலாம், அப்போ உங்க ஊராட்சி அதுல வருதா, வந்தா எத்தனை மணி நேரத்துல தண்ணி வரும்னு மட்டுமாவது கேட்டு வாங்குங்க.

கரைல கலங்கலா தண்ணி ஊறறதை பாத்தேன், யாருகிட்ட சொல்றது?

முதல்ல அணைல இருக்கற லஸ்கர் இல்ல உதவிப் பொறியாளர், பெரும்பாலும் பக்கத்துலயே செக்ஷன் ஆபீஸ் இருக்கும். அங்க ஆள் இல்லைன்னா மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இடத்தை தெளிவா சொல்லுங்க, மதகுல இருந்து எவ்ளோ தூரம், கரையோட அடிலயா நடுவுலயா, எப்போ இருந்து, நேத்தைவிட கூடியிருக்கா. வீடியோ எடுத்தா அவங்களுக்கு அனுப்புங்க, ஊர் குரூப்ல அப்புறம் போட்டுக்கலாம்.